பங்காளியை மனதார வாழ்த்தியதால் வந்த வம்பு

மணலூர்பேட்டை
ஆடி 27

அன்பும் அறிவும் ஒருங்கே அமைந்த மாப்பிள்ளை அறிவுச்செல்வன் அவர்களுக்கு, மாமனார் பூமாலை எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம். இந்த ஒரு வரியை நம்புகிற ஆள் இப்போது நம் ஊரில் ஒருவரும் இல்லாததால்தான் இந்தக் கடிதத்தையே எழுத வேண்டியதாகிவிட்டது. தாங்களும் சுபஸ்ரீயும் அவள் வயிற்றில் வளரும் பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க நம் குலதெய்வம் துணை நிற்கட்டும்.

போனில் பேசியிருக்கலாமே என்று கேட்பீர்கள். பகலில் கூப்பிட்டால் தாங்கள் மீட்டிங்கில் இருக்கிறீர்கள். ஆறு மணிக்கு மேல் கூப்பிட்டால் போனைத் தொடுவதில்லை என்று விரதம் இருக்கிறீர்கள். மெசேஜ் போட்டால் இரண்டு கை சேர்த்துக் கும்பிடுகிற படம் ஒன்று வருகிறது. அதை வைத்துக்கொண்டு நான் எந்த முடிவுக்கும் வர முடியவில்லை. சுபஸ்ரீயிடமும் சொல்ல முடியாது. ஏழாவது மாதம், பதறிவிடுவாள் என்று உங்கள் அத்தை ராணியம்மாள் ஊரில் எல்லாரிடமும் சத்தியம் வாங்கி வைத்திருக்கிறாள். எனவே தங்கள் ஆபீஸ் விலாசத்துக்கே எழுதுகிறேன். தயவு செய்து நிதானமாக, ஒரே மூச்சில் படிக்கவும். நிதானமும் ஒரே மூச்சும் சேர்ந்து வராது என்று எழுதிய பிறகுதான் தெரிகிறது. இப்போதெல்லாம் எனக்கு எல்லாமே இப்படித்தான் குழம்புகிறது.

ஆரம்பித்து வைத்தது தாங்கள். குற்றமாகச் சொல்லவில்லை. திருக்கோவிலூர் டாக்டர் என் கையில் பட்டையைக் கட்டி அமுக்கிப் பார்த்துவிட்டு, "பிரஷர் ஜாஸ்தியா இருக்குது பெரியவரே, யார்கிட்டயாவது சண்ட போட்டீங்களா?" என்று கேட்டார். யாரிடம் போடவில்லை என்று கேட்டிருந்தால் பதில் சொல்வது சுலபமாக இருந்திருக்கும். என் சித்தப்பா மகன் பாவாடையைப் பற்றி அவரிடம் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே மறுபடியும் பட்டையைக் கட்டிப் பார்த்து, இன்னும் ஏறியிருக்கிறது என்றார். இதைக் கேள்விப்பட்டுத்தான் தாங்கள் என்னைக் கரியாலூர் மலையில் நடந்த மனநல முகாமில் சேர்த்துவிட்டீர்கள். மாப்பிள்ளை சொல்லைத் தட்டக் கூடாது என்று நானும் வேட்டி துண்டோடு பஸ் ஏறினேன்.

முகாமில் குறை ஒன்றும் இல்லை. குளிர் மட்டும் கொஞ்சம் அதிகம். பயிற்சி கொடுத்த எழில்மதி அம்மா வயதில் சுபஸ்ரீக்கு அக்கா மாதிரி இருப்பார். அவர் கோபப்பட்டு நான் பார்க்கவில்லை, கோபப்படுத்திப் பார்த்தும்கூட. ஆளுக்கு ஒரு பலாச்சுளையைக் கையில் கொடுத்து, இதை இப்போதுதான் முதல்முறையாகப் பார்ப்பது போலப் பாருங்கள், மோந்து பாருங்கள், மெல்ல மெல்ல மென்று சாப்பிடுங்கள் என்றார். நாங்கள் ஒரு கூடம் நிறைய உட்கார்ந்து சுளையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தோம். சமையல் பார்த்த செங்கம்மாள் வாசலில் நின்று கவனித்துவிட்டு, "சுள அழுகிப் போச்சுங்களா சாமி? வேற பழம் அறுக்கட்டுமா?" என்று பதறிவிட்டார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மூன்று பாடங்கள் சொல்லிக் கொடுத்தார்கள். எந்த வேலை செய்தாலும் அந்த வேலையிலேயே மனதை வைக்க வேண்டும். யாருக்குப் பதில் சொல்வதானாலும் மூன்று மூச்சு விட்ட பிறகே வாயைத் திறக்க வேண்டும். மூன்றாவதுதான் பெரிய பாடம். தினமும் கண்ணை மூடி நான்கு பேரை வரிசையாக நினைத்து வாழ்த்த வேண்டும். முதலில் தன்னை, பிறகு தனக்குப் பிரியமானவரை, பிறகு முன்பின் தெரியாத ஒருவரை, கடைசியில் தன் விரோதியை. "நலமாக இருக்கட்டும், அச்சமின்றி இருக்கட்டும், நிம்மதியாக இருக்கட்டும்." இவ்வளவுதான் வாசகம். மற்றவர்கள் நான்காவது ஆளைத் தேடி நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தச் சிரமமே இல்லை. கண்ணை மூடியதும் பாவாடைதான் முதல் ஆளாக வந்து நின்றான். என்னை நானே வாழ்த்திக்கொள்ள இடம் விடவில்லை.

வீடு வந்து சேர்ந்த அன்றே பயிற்சியை ஆரம்பித்தேன். ராணி சோறு போட்டாள். ஒரு கவளத்தை எடுத்து, முதல்முறை பார்ப்பது போலப் பார்த்தேன். "இன்னாங்க, கல்லு கெடக்குதா?" என்றாள். மூன்று மூச்சு விட்டு, இல்லை என்றேன். மோந்து பார்த்தேன். "ஊசிப் போச்சா? இப்பதான வடிச்சேன்" என்றாள். மறுபடியும் மூன்று மூச்சு. சாப்பிட்டு முடிக்க இவ்வளவு நேரம் நான் எடுத்ததே கிடையாது. என் தட்டு காலியாவதற்குள் அவள் பாத்திரம் கழுவி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்துவிட்டாள். கையைக் கழுவிவிட்டு, முகாமில் சொன்னபடி அவள் முகத்தைப் பார்த்து, "ராணி, இந்தக் குழம்பு வெச்ச உன் கைக்கு ரொம்ப நன்றி" என்றேன்.

மாப்பிள்ளை, நான் திட்டியபோதெல்லாம் கலங்காத பெண்பிள்ளை, அப்படியே தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "டாக்டரு இன்னா சொன்னாரு? எங்கிட்ட மறைக்காத சொல்லிடுங்க" என்றாள். ஒன்றும் சொல்லவில்லையே என்று அமைதியாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். ஒன்றுமில்லை என்று நான் இவ்வளவு சாந்தமாகச் சொல்லி அவள் கேட்டதே இல்லையாம். அன்று சாயங்காலமே மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டாள். மறுநாள் குழம்பில் உப்பில்லை. அதற்கும் நன்றி சொன்னேன். அதோடு அவளுக்கு இருந்த கொஞ்சம் சந்தேகமும் தீர்ந்துவிட்டது.

இது வீட்டுக் கதை. கழனிக் கதை இதைவிட மோசம். அதைச் சொல்வதற்கு முன் எனக்கும் பாவாடைக்கும் உள்ள ஏற்பாட்டைத் தங்களுக்கு விளக்க வேண்டும். இருவருக்கும் கிணறு ஒன்று, மோட்டார் ஒன்று. கரும்பு என்னுடையது மேலே இருக்கிறது, அவன் கழனி கீழே. காலையிலிருந்து உச்சிவேளை வரைக்கும் தண்ணீர் அவனுக்கு, அதற்கு மேல் எனக்கு. வாய்க்கால் தகராறு வந்த நாளிலிருந்து நாங்கள் பேசிக்கொள்வதில்லை. ஆனால் ஏசுவதுண்டு. உச்சிவேளையில் நான் மதகடியில் வரும்போதே, "எவன்டா வாய்க்கால அடச்சி வெச்சவன், எவன் ஆடுடா என் கொல்லையில மேயுது" என்று ஆரம்பித்துவிடுவேன். அந்தச் சத்தம் கேட்டதும் பாவாடை மோட்டாரை நிறுத்திவிட்டு, மடையை என் பக்கம் திருப்பிவிட்டு, பதிலுக்கு நாலு வார்த்தை வானத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டே அந்தப் பக்கத்து வரப்பில் போய்விடுவான். முகத்துக்கு முகம் பார்த்ததில்லை. மணி பார்த்ததில்லை. ஒரு நாளும் முறை தப்பியதில்லை.

முகாமிலிருந்து வந்த மறுநாள், ஒவ்வோர் அடியையும் உணர்ந்து உணர்ந்து எடுத்து வைத்துக்கொண்டு, வாயே திறக்காமல் கழனிக்குப் போனேன். என் சத்தம் வராததால் இன்னும் நேரம் இருக்கிறது என்று நினைத்து, பாவாடை கோவணத்தோடு குழாயடியில் நின்று சோப்புப் போட்டுக் குளித்துக்கொண்டிருந்தான். விரோதியை எங்கே பார்த்தாலும் அங்கேயே நின்று வாழ்த்துங்கள் என்று எழில்மதி அம்மா சொல்லியிருந்தார். நின்றேன். கண்ணை மூடினேன். நலமாக இருக்கட்டும், அச்சமின்றி இருக்கட்டும் என்று மனதுக்குள்தான் சொன்னேன், உதடு கொஞ்சம் அசைந்திருக்கலாம். அவன் கண்ணிலிருந்த நுரையைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், முன்னால் நான் கண்மூடி முணுமுணுத்துக்கொண்டு நிற்கிறேன். நிம்மதியாக இருக்கட்டும் என்று முடித்துவிட்டு நான் கண்ணைத் திறந்தபோது சோப்பு மட்டும் இருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பாவாடை நுரையோடு தெருவரைக்கும் ஓடியிருக்கிறான்.

ஆண்கள் பேசாவிட்டாலும் இரண்டு வீட்டுப் பெண்களும் பால் சொசைட்டியில் பேசிக்கொள்வார்கள் என்பது தங்களுக்குத் தெரிந்திருக்காது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. பாவாடை பெண்சாதி ராஜாம்பாள், உங்க மனுசன் என் மனுசன் எதிரில் கண்ணை மூடி என்னமோ முணுமுணுத்தாராமே, ஏன் என்று கேட்டிருக்கிறாள். ராணி, என் மனுசன் எனக்கே நன்றி சொல்கிறாரே என்று அழுதிருக்கிறாள். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்து, போகப்போகிற மனுசன்தான் விரோதியை மன்னித்து விடைபெறுவான் என்று பாலை ஊற்றுவதற்குள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

இது எதுவும் அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், மறுநாளிலிருந்து காலைத் தண்ணீரும் என் கரும்புக்கே வர ஆரம்பித்தது. பாவாடை தானே வந்து மோட்டாரைப் போட்டு, தானே மடையைத் திருப்பிவிட்டு, நான் வருவதற்குள் போய்விடுகிறான். என் வரப்பில் வாய்க்கால் செதுக்கியிருந்தது. நண்டு வளை அடைத்திருந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது மாப்பிள்ளை. நாலு நாள் கண்ணை மூடி வாழ்த்தியதற்கே இப்படியென்றால், இன்னும் நன்றாக வாழ்த்தினால் வாய்க்கால் தகராறே தீர்ந்துவிடும் போலிருக்கிறதே என்று இரண்டு வேளையும் வாழ்த்தினேன். தங்களுக்கு அன்று நான் அனுப்பிய நீண்ட மெசேஜ் இதைப் பற்றித்தான். கும்பிடுகிற படம் வந்தது.

இதற்கிடையில் வீட்டுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வருகிறவர் எல்லாரும் மாதுளையும் ரொட்டியும் கொண்டுவந்தார்கள். உட்கார்ந்து, என்னைப் பார்த்து, உச்சுக்கொட்டி, "ரொம்ப எளச்சிட்டீங்க" என்றார்கள். வேட்டி இடுப்பில் இறுகுகிறது, நான் எங்கே இளைத்தேன் என்று தெரியவில்லை. ஆனாலும் ஒவ்வொருவரையும் மனதுக்குள் வாழ்த்தினேன். நான் கண்ணை மூடுகிற ஒவ்வொரு முறையும் ஒருவர் எழுந்து நின்றுவிட்டார்.

முந்தாநாள் பாவாடையே வந்தான். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பூ. பின்னால் ராஜாம்பாள். நம் வீட்டு வாசற்படியை அவன் மிதித்தது தகராறுக்குப் பிறகு அன்றைக்குத்தான். என் முன்னால் வந்து நின்று, குரலே எழும்பாமல், "எப்பிடிண்ணே இருக்குற?" என்றான்.

அண்ணே என்றான் மாப்பிள்ளை. பதில் சொல்ல வேண்டும். ஆனால் மூன்று மூச்சு இருக்கிறதே. கண்ணை மூடி முதல் மூச்சு விட்டேன். இரண்டாவதைக் கொஞ்சம் ஆழமாக இழுத்து நிறுத்தினேன். "அய்யய்யோ, தண்ணி கொண்டாடி ராஜாம்பா, அண்ணனுக்கு மூச்சு அடங்கிக்கினு வருது" என்று ஒரே கூச்சல். மூன்றாவது மூச்சுக்குள் ஒரு சொம்புத் தண்ணீர் என் தலையில் விழுந்துவிட்டது. ராணி என் உள்ளங்காலைத் தேய்க்கிறாள்.

தலையைத் துவட்டிக்கொண்டு நிமிர்ந்தபோது பாவாடை கண் கலங்கி உட்கார்ந்திருந்தான். "அண்ணே, ஆவணி மொத மூர்த்தம் வரைக்கும் தாங்குவியா?" என்றான்.

"எதுக்குடா?"

"கலையரசி கல்யாணம்ணே. தையிலதான் வெச்சிருந்தோம். உன் நெலமயப் பாத்துட்டு முன்ன தள்ளி வெச்சிட்டேன். நீ இருந்து தாலி எடுத்துக் குடுக்கணும். நடுவுல ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா பங்காளி தீட்டுண்ணே, பந்தக்காலே நட முடியாது. மாப்ள வூட்டுக்காரங்க வேற ஒரு மாதிரி. அதான் கேக்கறன். தாங்குவ இல்ல?"

எனக்குச் சாவு வரும் தேதியை அனுசரித்து அவன் பெண்ணுக்கு முகூர்த்தம் குறித்திருக்கிறான். கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. ஏனென்றால் அடுத்ததாக அவன், "உன் சத்தம் இல்லாம கழனியில ஒரு வேலையும் ஓட மாட்டேங்குதுண்ணே. மத்தியானம் எது, சாயங்காலம் எதுன்னு தெரியல" என்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். தாங்குவேன் என்று தலையை மட்டும் ஆட்டினேன். வேறென்ன சொல்வது?

இப்போது என் சந்தேகத்துக்கு வருகிறேன். எனக்கு ஒன்றுமில்லை என்று பாவாடையிடம் அடித்துச் சொன்னால், தண்ணீருக்காகச் சாகிற மாதிரி நடித்தான் என்று ஊர் சிரிக்கும். மண்டபம் பேசியாகிவிட்டது, சமையல்காரருக்குச் சொல்லியாகிவிட்டது. அவன் மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொள்வான். சொல்லாமல் விட்டால் முகூர்த்தம் வரைக்கும் நான் இப்படியே உப்பில்லாமல் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். கல்யாணம் முடிந்த மறுநாள் என்ன செய்வது? அப்போதும் நான் இருப்பேனே! நான் வாழ்த்தியதால்தான் அவன் மாறினான் என்று நினைத்தேன். நான் சாகப்போகிறேன் என்பதால் மாறியிருக்கிறான். அப்படியானால் என் வாழ்த்து வேலை செய்ததா, செய்யவில்லையா? எழில்மதி அம்மா இதைப் பற்றிச் சொல்லித் தரவில்லை. வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன். அவன் அண்ணே என்று கூப்பிட்டது எனக்குப் பிடித்திருக்கிறது. இந்த வயதில் அதை மறுபடியும் இழக்க எனக்கு மனமில்லை. பொய்யாகவாவது செத்துக்கொண்டிருக்கலாமா என்றுகூடத் தோன்றுகிறது. தாங்கள் படித்தவர், இந்தப் பயிற்சியெல்லாம் பழகியவர். எது சரி என்று ஒரு வரி, ஒரே ஒரு வரி எழுதினால் போதும். கும்பிடுகிற படம் மட்டும் வேண்டாம்.

சம்பந்தி இருவருக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும். சுபஸ்ரீயை மாடிப்படி ஏறி இறங்க விடாதீர்கள். பிள்ளை எந்தப் பிள்ளையானாலும் கை கால் சுகத்தோடு பிறந்து, தங்களைப் போல் பொறுமையும் எங்களைப் போல் குரலும் உடையதாக வளர வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

தங்கள் மாமனார்
பூமாலை

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன், கிழிசலுக்கு மன்னிக்கவும். மேலே எழுதியிருப்பது எதற்கும் பதில் வேண்டாம். இன்று காலை தபாலில் போடுவதற்காகக் கழனி வழியாக வந்தேன். நேற்றுதான் ஆள் வைத்துக் கரும்புக்கு யூரியா போட்டிருந்தேன். மதகடிக்கு வந்து பார்த்தால், எனக்கு உதவி செய்வதாக நினைத்து பாவாடை விடியற்காலையிலேயே மோட்டாரைப் போட்டு மடை முழுக்கத் திறந்துவிட்டிருக்கிறான். போட்ட யூரியா மொத்தமும் கரைந்து, வரப்பு உடைந்து, கீழே அவன் நாற்றங்காலையும் மூழ்கடித்துக்கொண்டு ஓடுகிறது. அவன் நடுவில் நின்று அடுத்த மடையையும் வெட்டிக்கொண்டிருக்கிறான். மூன்று மூச்சு என்று ஒன்று இருந்ததே எனக்கு ஞாபகத்துக்கு வரவில்லை மாப்பிள்ளை. "எருவு போட்ட மறுநாளே இப்பிடி வெள்ளமா தண்ணி உட்றியே, உன் மண்டையில இன்னாடா இருக்குது, களிமண்ணா? மாட்டுக்குத் தெரியுமேடா இது!" என்று ஆரம்பித்தேன். வாய்க்கால் தகராறு, ஆடு, அவன் பாட்டன், என் தலையில் ஊற்றிய தண்ணீர் என்று ஒன்றையும் விடவில்லை.

பாவாடை மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றான். பிறகு தெருப் பக்கம் திரும்பி, "ராஜாம்பா! அண்ணன் திட்டுதுடி! நல்லா திட்டுதுடி!" என்று கத்தினான். கத்திவிட்டு அழுதான். அழுதுகொண்டே என்னைத் திருப்பித் திட்டினான், அவனும் ஒன்றையும் விடவில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த ராணி கிழக்கே பார்த்துக் கும்பிட்டாள். மத்தியானக் குழம்பில் உப்பு இருந்தது. முகூர்த்தத்தை மாற்றவில்லை. தாலி எடுத்துக் கொடுக்கப்போவது நான்தான். போகும்போது பாவாடை, "நாளையிலருந்து உச்சிக்கு மேல உன் மொற. ஊமையாட்டம் வராத. கத்திக்கினு வாண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஒரே ஒரு குழப்பம்தான் பாக்கி. சாயங்காலம் பழக்க தோஷத்தில் கண்ணை மூடி உட்கார்ந்தேன். மூன்று பேர் ஒழுங்காக வந்தார்கள். நான்காவது இடத்துக்குப் பாவாடை வரமாட்டேன் என்கிறான், பிரியமானவருக்கான இரண்டாவது இடத்தில் ராணிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டான். விரோதி இல்லாமல் பயிற்சியை முடிக்க முடியாது அல்லவா? எனவே வேறு ஆள் கிடைக்கும் வரை தற்காலிகமாகத் தங்களை அந்த இடத்தில் வைத்திருக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். நலமாக இருங்கள் மாப்பிள்ளை, அச்சமின்றி இருங்கள், நிம்மதியாக இருங்கள்.